பணம் வருகிறது, எடுக்க முடியவில்லை: முடங்கிய வங்கிக் கணக்கை மீட்கும் வழி

கடை வாசலில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி காலையிலிருந்து "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது", "முந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். மத்தியானம் ஐஸ் கட்டிக்காரருக்குப் பணம் அனுப்பினால் போகாது. "பரிவர்த்தனை தோல்வி, உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்" என்று ஆப்பில் ஒரு வரி வரும். ஏடிஎம்மிலும் எடுக்க முடியாது. கடலூர் முதுநகர் மீன் வியாபாரிகள், பண்ருட்டி முந்திரிக்காரர்கள், புதுச்சேரியில் ரூமும் வாடகை வண்டியும் விடுபவர்கள் எனப் பலர் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். இவர்களுக்காக மனு எழுதியும் கிளைகளுக்கு அலைந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எந்த வகை முடக்கம் என்று பாருங்கள். நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ கேட்டால் இரண்டு தொகை சொல்வார்கள்: மொத்த இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு. மொத்தம் 86,000, எடுக்கக்கூடியது 82,500 என்றால் 3,500 ரூபாய்க்கு மட்டும் 'லீன்' போட்டிருக்கிறார்கள். மீதியை வழக்கம்போல் புழங்கலாம். எடுக்கக்கூடியது பூஜ்யம் என்றாலோ, இருப்பு சரியாகத் தெரிந்தும் பணம் வெளியே போகவில்லை என்றாலோ அது 'டெபிட் ஃப்ரீஸ்'. பணம் உள்ளே வரும், வெளியே போகாது. ஸ்பீக்கர் பெட்டி பேசிக்கொண்டே இருப்பது இதனால்தான். உள்ளே வருவதும் நின்றுவிட்டால் அது முழு முடக்கம். கேஒய்சி புதுப்பிக்காதது, இரண்டு வருடம் புழங்காமல் கிடந்த கணக்கு, வருமான வரி நிலுவை ஆகியவற்றாலும் கணக்கு நிற்கும். அவற்றுக்கெல்லாம் வழி வேறு. ஆகவே கிளையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "சைபர் புகாரா, வேற காரணமா?" என்பதுதான்.

சைபர் புகார் என்றால் அது உங்கள் கடை வரை வந்த பாதையைப் புரிந்துகொள்ள வேண்டும். மோசடியில் பணம் இழந்த ஒருவர், அகமதாபாத்திலோ ஹைதராபாத்திலோ இருந்து 1930 என்ற எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிகிறார். உள்துறை அமைச்சகத்தின் கீழ் 2021-ல் வந்த ஏற்பாடு இது. புகாருக்கு ஒரு ஒப்புகை எண் விழும். பணம் போய்ச் சேர்ந்த முதல் வங்கிக்குத் தளம் வழியாகவே தகவல் போகும். அங்கே பணம் மிச்சம் இருந்தால் பிடித்துவைப்பார்கள். அதற்குள் கைமாறியிருந்தால், எந்த வங்கிக்குப் போனது என்பதை அந்த வங்கி தளத்தில் ஏற்ற, அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். இப்படி அடுக்கு அடுக்காக இறங்கும். முதல் அடுக்கில் இருப்பவன் பெரும்பாலும் கணக்கை வாடகைக்கு விட்டவன். மூன்றாவது நான்காவது அடுக்கில் அந்தப் பணத்தில் ஒருவன் வஞ்சிரம் வாங்கியிருப்பான், ரூம் எடுத்திருப்பான். அங்கேதான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

இந்த ஏற்பாடு தேவையானது. சேமிப்பு முழுவதையும் ஒரே போன் அழைப்பில் இழந்த எத்தனையோ பேருக்குப் பணம் திரும்பக் கிடைக்க இதுதான் வழி. ஆனால் ஒரு பன்னிரண்டு இலக்க யுபிஐ எண்ணைப் பிடித்துக்கொண்டு நாலு வங்கி தாண்டி ஒரு மீன்கடையைக் கண்டுபிடிக்க முடிகிற அமைப்பு, அந்தக் கடைக்காரருக்கு "இந்தத் தொகைக்காக, இந்தப் புகாரின் பேரில் நிறுத்தியிருக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. கண்காணிக்கத் தெரிந்தவர்களுக்குக் கண்காணிக்கப்படுபவரிடம் பதில் சொல்லும் கடமையும் இருக்க வேண்டும். 3,500 ரூபாய்க்காக 86,000 ரூபாயைத் தொடவிடாமல் வைப்பதற்கு நியாயமே கிடையாது.

நம் பக்கம் இந்தப் பணம் எப்படி வந்து சேர்கிறது என்பதில் சில வழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பஸ் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்க்கிலும், "அண்ணே, ஏடிஎம் வேலை செய்யல, ஜிபே பண்றேன், ரெண்டாயிரம் கேஷா குடுங்க" என்று கேட்பது மிக ஆபத்தானது. மோசடிப் பணத்தை ரொக்கமாக மாற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை. விற்பனை எதுவும் நடக்காததால் காட்டுவதற்கு உங்களிடம் பில்லும் இருக்காது. புதுச்சேரி ரூம்களில் வேறு மாதிரி: வாடகை 4,000 என்றால் 8,000 அனுப்பிவிட்டு, "தப்பா போட்டுட்டேன், மீதிய இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று வேறு ஒரு எண்ணைக் கொடுப்பார்கள். திருப்பி அனுப்புவதானால் வந்த அதே யுபிஐ முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். பண்ருட்டி முந்திரியில் சரக்கு வாங்கும் வெளிமாநிலப் பார்ட்டியின் பெயர் ஒன்று, பணம் வருவது சம்பந்தமே இல்லாத மூன்று பேர் கணக்கிலிருந்து. புரோக்கர் "எல்லாம் நம்ம ஆளுதான்" என்பார். பில்லில் இருக்கும் பெயரும் அனுப்பியவர் பெயரும் பொருந்தாவிட்டால் பிறகு விளக்குவது மிகக் கடினம். ஞாயிறு சந்தையில் பக்கத்துக் கடைக்காரர், "என் ஸ்கேனர் எடுக்கல, உங்க ஸ்கேனர்ல போடச் சொல்லட்டுமா?" என்று கேட்பார். பழக்கத்துக்காகச் சரி என்று சொல்லிவிடுவோம். அவர் விற்ற பொருளுக்கு உங்கள் கணக்கு பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, முடங்கிவிட்டது. கணக்கு இருக்கிற சொந்தக் கிளைக்கே போங்கள். வேறு கிளையில் திரையைப் பார்த்து "ஃப்ரீஸ் ஆகியிருக்கு" என்பதற்கு மேல் சொல்லமாட்டார்கள். போகும்போதே மனு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சில் எத்தனை தரம் கேட்டாலும் அது கணக்கில் வராது. மனு இந்த அளவில் இருந்தால் போதும்:

"ஐயா, மேற்படி எண்ணுள்ள என் கணக்கிலிருந்து ……… தேதி முதல் பணம் எடுக்க இயலவில்லை. முடக்கத்துக்குக் காரணமான சைபர் புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றின் ஒப்புகை எண், புகார் பதிவான மாநிலம், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், முடக்கக் கோரும் உத்தரவின் தேதி, எந்தச் சட்டப் பிரிவு, சர்ச்சைக்குரிய தொகை, அது என் கணக்குக்கு வந்த பரிவர்த்தனை எண், தேதி ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிவிக்கவும். உத்தரவு குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் என்றால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கவும்."

ஒரு பிரதியில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை ஸ்கேன் செய்து கிளையின் மின்னஞ்சலுக்கும், வங்கியின் இணையதளத்தில் பெயரோடு இருக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கும் (புகார்களுக்குப் பொறுப்பான அதிகாரி) அனுப்பிவிட்டு, ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள். அஞ்சல் ரசீதும் இணையத்தில் கிடைக்கும் பட்டுவாடா விவரமும் பின்னால் தேவைப்படும்.

மனுவில் "புகார்கள் எத்தனை" என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கணக்கின் மேல் குஜராத்திலிருந்து ஒன்று, தெலங்கானாவிலிருந்து ஒன்று என இரண்டு புகார் இருக்கலாம். ஒன்றுக்கு ஓடி ஓடி, கணக்கை விடுவிக்கலாம் என்று காவல்துறை தரும் தடையின்மைக் கடிதம் (என்ஓசி) வாங்கி வந்தபிறகு, "இன்னொன்னு இருக்குங்க" என்று கிளையில் சொல்வார்கள். முதலிலேயே எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு இரண்டுக்கும் சேர்த்தே வேலையைத் தொடங்க வேண்டும். கிளை மேலாளர் "எங்ககிட்டயே ஒப்புகை எண் மட்டும்தான் இருக்கு" என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். தலைமை அலுவலகத்தில் தளத் தகவலைப் பார்க்கும் பிரிவுதான் முடக்குகிறது. பல நேரம் காவல்துறைக் கடிதம் என்று தனியாக எதுவுமே இருக்காது. அந்த எண்ணையாவது எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

இங்கே பலர் செய்கிற வீண் அலைச்சல் ஒன்று உண்டு. கடலூர் எஸ்பி அலுவலகத்தில் இருக்கும் சைபர் கிரைம் நிலையத்துக்கோ புதுச்சேரி சைபர் கிரைமுக்கோ போய்க் காத்திருப்பார்கள். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுப்பார்கள். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் இங்குள்ள காவல்துறைக்கு அதை விடுவிக்கும் அதிகாரம் கிடையாது. புகார் பதிவான நிலையத்தின் விசாரணை அதிகாரிதான் வங்கிக்கு எழுத வேண்டும். வங்கி எழுத்து மூலம் பதிலே தரவில்லை என்றால் மட்டும் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பதிலை வாங்கித் தரும் அளவுக்கு அது உதவும்.

விசாரணை அதிகாரிக்கு அனுப்பும் கடிதம் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். வடமாநிலம் என்றால் கூடவே இந்தியிலும் ஒரு பக்கம் வைக்கலாம். தலைப்பிலேயே ஒப்புகை எண்ணும் கணக்கு எண்ணும் வர வேண்டும். அவர் கையில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்; எண்ணைத் தேடவைத்தால் உங்கள் கடிதம் ஓரம் போய்விடும். உடன் இணைக்கவேண்டியவை: சர்ச்சைக்குரிய வரவை மஞ்சள் கோடிட்ட மூன்று மாத ஸ்டேட்மென்ட், அந்த விற்பனைக்கான பில், அடையாள அட்டை நகல், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில்) பதிவு, கடையின் புகைப்படம். முந்திரிக்கு இ-வே பில், லாரி ரசீது, எடை மேடைச் சீட்டு. ரூமுக்கு வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கமும் தங்கியவரின் அடையாள நகலும். பில்லே போடாத மீன் வியாபாரிக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அன்றைய ஏலச் சீட்டு, ஐஸ் ரசீது, மார்க்கெட்டில் கொடுக்கும் தினசரி வசூல் சீட்டு, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை இவற்றைச் சேர்த்து வைத்தால், தினமும் இந்தத் தொழில் நடக்கிறது என்பதும், அந்த வரவு அன்றைய நூறு வரவுகளில் ஒன்று என்பதும் தெரிந்துவிடும். ஸ்டேட்மென்ட்டில் அந்த நாள் முழுவதையும் காட்டுவது இதற்காகத்தான். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கனமான கோப்பு நிலையத்தின் மின்னஞ்சலில் ஏறாமல் திரும்பி வந்துவிடும். கறுப்பு வெள்ளையில், குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்தாலே போதும். பதில் இல்லை என்றால் வாரம் ஒருமுறை அதே மின்னஞ்சலின் மேலேயே நினைவூட்டுங்கள். ஒவ்வொரு தரமும் புதிதாக எழுதினால் பழையது பின்னால் போய்விடும். நிலையத்தின் தொலைபேசி எண்ணை அந்த மாநிலக் காவல்துறையின் இணையதளத்திலிருந்தே எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் எண்ணை நம்பவேண்டாம்.

இங்கேதான் இரண்டாவது மோசடி காத்திருக்கிறது. கணக்கு முடங்கியவர்களைத் தேடிப்பிடித்து, "நான் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன், அந்தத் தொகைய இந்த நம்பருக்கு அனுப்பினா இன்னிக்கே ஓப்பன் பண்ணிடறேன்" என்று அழைப்பார்கள். கமிஷனுக்கு விடுவித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. தனிநபர் யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

உண்மையான அதிகாரியே, "சர்ச்சைத் தொகையைப் புகார்தாரருக்குத் திருப்பிக் கொடுத்தால் விடுவித்துவிடலாம்" என்று சொல்வதும் நடக்கிறது. சரக்கைக் கொடுத்துவிட்டு அதன் பணத்தையும் திருப்பிக் கொடுப்பது அநியாயம். ஆனால் தொகை சிறியது, வியாபாரம் முழுதும் நின்றுகிடக்கிறது என்ற நிலையில் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் செய்வதானால் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பணம் உங்கள் வங்கி வழியாக, புகார்தாரர் கணக்குக்கோ நீதிமன்றம் சொல்லும் இடத்துக்கோ மட்டும் போகட்டும். உங்கள் கடிதத்தில் "குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், கணக்கை விடுவிக்கும் பொருட்டு மட்டும்" என்ற வரி அவசியம். தடையின்மைக் கடிதம் நிலையத்தின் மின்னஞ்சலிலிருந்து நேராக வங்கியின் நோடல் அதிகாரிக்குப் போக வேண்டும். நீங்கள் கையில் கொண்டுபோகும் நகலைப் பல கிளைகள் ஏற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் பேச்சின் தொனியே மாறும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 106-வது பிரிவு, சந்தேகத்துக்குரிய சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு இது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தெரிவித்தார்களா என்று உங்கள் கடிதத்தில் கேளுங்கள். தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. சர்ச்சைத் தொகைக்கு மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லேயே சொன்னது. இந்த இரண்டையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தால், முழு முடக்கத்தை லீனாக மாற்றுவதற்குச் சில வங்கிகள் அதிலேயே இறங்கிவருகின்றன.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, இணையத்தில் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்-ல் பதியலாம், விவரம் கேட்க 14448. எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் தேவை. "போலீஸ் முடக்கியதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினால், சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவுப்படி வங்கி செய்தது என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிடுவார்கள். வங்கி தன் பக்கம் செய்த தவறைக் கேளுங்கள்: விவரத்தை எழுத்து மூலம் தர மறுத்தது, உத்தரவு 3,500-க்கு இருக்க முழுக் கணக்கையும் நிறுத்தியது, தடையின்மைக் கடிதம் வந்தபிறகும் விடுவிக்காமல் இழுத்தது. இவை சேவைக் குறைபாடுகள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதானால், பொதுத்துறை வங்கிக்குப் போடலாம். தனியார் வங்கிக்கு முடியாது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாள். பொதுத்துறை வங்கி என்றால் இரண்டாம் மேல்முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். கடலூர் காவல்துறையிடம் கேட்டது என்றால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ள அலுவலகங்களுக்கும் மத்திய ஆணையம்தான். கடலூர்-புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் முகவரி மாறிவிடுகிறது என்பதை மறந்து பலரின் மேல்முறையீடு திரும்பி வருகிறது. விசாரணையைப் பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதனால் வழக்கு விவரத்தைக் கேட்காமல், உங்கள் கணக்கு பற்றி வங்கிக்கு வந்த தகவலின் தேதி, தொகை, ஒப்புகை எண் மட்டும் கேளுங்கள்.

எதுவும் நகரவில்லை என்றால் நீதிமன்றம். புகார் பதிவான ஊரின் நடுவர் நீதிமன்றத்தில் முன்பு சொன்ன சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனு செய்யலாம், தூரம்தான் தடை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுவே பொருந்தும். உங்கள் கணக்கு முடங்கிய கிளை இங்கே இருப்பதால், வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்தது என்று அரசியலமைப்பின் 226(2) பிரிவின்படி காட்ட முடியும். பெண்கள், பட்டியலினத்தவர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ல் கேட்கலாம். முன்பு சொன்ன மனு நகல்களும் அஞ்சல் ரசீதுகளும் இங்கேதான் வேலைக்கு ஆகும். வங்கிக்கும் காவல்துறைக்கும் எழுதிப் பார்த்தோம் என்று காட்ட முடியாத மனு அங்கே நிற்பது கஷ்டம்.

இதெல்லாம் முடியும்வரை குடும்பம் ஓட வேண்டும். முடக்கம் தெரிந்த அன்றே கடையில் இருக்கும் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு, வேறு வங்கியில் உங்கள் பெயரிலேயே உள்ள கணக்கின் அட்டையை வையுங்கள். மனைவி, மகன் பெயரில் மாற்றினால் விசாரணையில் அது மறைப்பதுபோல் தெரியும். அதே வங்கியில் இன்னொரு கணக்கு இருந்தும் பயனில்லை. வாடிக்கையாளர் எண் ஒன்றே என்பதால் பல நேரம் அதுவும் சேர்ந்து நின்றுவிடுகிறது. கடன் தவணை தானாகப் பிடிக்கும்படி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அன்றே எழுதி, வேறு வழியில் கட்டுங்கள்; தவணை திரும்பினால் அபராதமும் சிபில் மதிப்பெண் குறைவும் வரும். மகளிர் உரிமைத் தொகை, கேஸ் மானியம் போன்றவை ஆதார் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் வரும். அந்த இணைப்பை வேறு வங்கிக்கு மாற்ற மனு கொடுங்கள். வேறு கணக்கே இல்லாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கித் தருவார்.

இன்னும் மாட்டாதவர்கள் ஒன்று செய்யலாம். க்யூஆர் கணக்கைத் தனியாக வைத்து, கடை சாத்தும்போது அன்றைய வரவை வேறு வங்கியில் உள்ள உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மொத்தத் தொகையையும் ஒரே இடத்தில் தேக்கிவைப்பவருக்குத்தான் இழப்பு அதிகம். ஐயாயிரத்துக்கு மேல் தெரியாத ஆள் அனுப்பினால் ஒரு துண்டுச் சீட்டிலாவது பொருள், எடை, ஆப்பில் தெரிந்த பெயர், தேதி எழுதி வையுங்கள்.

கணக்கு திறந்துவிட்டது என்று சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். "முடக்கம் நீக்கப்பட்டது, நிலுவையில் வேறு புகார் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். டெபிட் திறந்தும் யுபிஐ, ஏடிஎம் கார்டு தனியாக நிறுத்தப்பட்டே இருக்கலாம். தானியங்கித் தவணை உத்தரவுகள் ரத்தாகியிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். முடக்கக் காலத்தில் பிடித்த குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையும் தவணை திரும்பிய கட்டணத்தையும் திருப்பித் தரக் கேட்டு அன்றே ஒரு மனு கொடுங்கள். கேட்பவர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள்.